நாலுக்கு நாலு

மயக்கம் கொடுக்கிறவர் முந்தின நாளே கணக்கெடுத்தார்.
பெண். அதற்கு ஒன்று.
புகைப்பதுண்டா? கிடையாது. அதற்கும் ஒன்று.
நல்ல பழக்கத்துக்குத் தண்டனை
கெமி நகரத்தில் எனக்குப் புதிதல்ல.
கப்பலில் ஏறினால் குமட்டுமா?
ஸ்டாக்ஹோம் போகிற வழியில் ஒருமுறை
விருந்து மேசை விரிப்பையே நனைத்தவள் நான்.
மூன்று.
வலிக்கு அபின் வகை மருந்து தருவோம், அதோடு நான்கு
என்று பேனாவை மூடினார்.
நாலுக்கு நாலு.
பள்ளிக்கூடத்தில் கணக்கில் ஒருநாளும் வாங்காதது.

பித்தப்பையை எடுத்துவிட்டார்கள்.
ஏழு கல், சிறு புட்டியில், தலைமாட்டில்.
கண் திறந்தபோது கூரை இருந்த இடத்தில் இல்லை.
ஜன்னலுக்கு வெளியே வளைகுடா உறைந்து கிடந்தது,
அலை ஒன்றுகூட இல்லை.
எல்லாம் எனக்குள் வந்துவிட்டிருந்தன.

முதலில் நாக்கடியில் உப்புநீர் ஊறும்.
அப்புறம் காதுக்குப் பின்னால் குளிரும்.
அப்புறம் வயிறு, என்னைக் கேட்காமல், எழுந்து நிற்கும்.
நான்கு துளைத் தையலும் ஒன்றையொன்று கூவி அழைக்கும்.
ஒருநாளாக எதுவும் உண்ணாதவளிடம்
எடுக்க என்ன இருக்கிறது?
பச்சையாய்க் கொஞ்சம்.
பையையே எடுத்த பிறகும் பித்தம் வருகிறதே, என்றேன்.
"பித்தத்தைச் செய்வது ஈரல், ரைலி.
பை வெறும் அலமாரி"
என்றாள் தூலியா, தட்டை மாற்றிக்கொண்டே.
"தலையணையை வயிற்றோடு அழுத்திப் பிடியுங்கள்."

இரண்டு ஊசி போட்டாயிற்று.
ராத்திரி மூன்று மணிக்கு
ஒரு ஸ்பிரிட் பஞ்சின் உறையைக் கிழித்து
மூக்கருகே கொண்டுவந்தாள்.
மெதுவாக உள்ளே இழுங்கள்.
அவள் கையைத் தட்டிவிட்டேன்.

அந்த வாடை எனக்குத் தெரியும்.
காகித ஆலையில் சம்பளம் போடும் வெள்ளிக்கிழமைகளில்
தைஸ்தோவுக்கு முன்னால் அது படியேறி வரும்.
இருபத்தாறு வருடம்.
நீல வாளி, பிழிந்த துணி,
குளியலறைத் தரையில் மண்டியிட்டு
அவன் நெற்றியைத் தாங்கிய என் கை.
ஆலைப் புகையின் அழுகிய முட்டை நாற்றத்தில் ஊரே வாழ்ந்தது,
அதற்கு மூக்கு பழகிவிட்டது.
இதற்குப் பழகவில்லை.
அவனைப் புதைத்துவிட்டு வந்து
எல்லா ஜன்னலையும் திறந்துவைத்தேன்,
பிப்ரவரியில், மைனஸ் இருபத்தெட்டில்.

ஏன் என்று தூலியா கேட்கவில்லை.
பஞ்சை மெத்தை ஓரத்தில் வைத்துவிட்டு
அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

அடுத்த அலை வந்தது.
நானேதான் எடுத்தேன்.
ஒரு மூச்சு. தைஸ்தோ.
இரண்டு. தைஸ்தோ, படியில், சாவியைத் துழாவிக்கொண்டு.
மூன்றாவது மூச்சில்
கூரை திரும்பிவந்து தன் இடத்தில் நின்றது.

கோபம்தான் வந்தது.
அத்தனை வருடம் குடலைப் பிரட்டிய வாடை
இப்போது குடலைத் தட்டிக்கொடுத்துத் தூங்கவைக்கிறது.
காரணம் சரியாகத் தெரியாதாம்,
காலையில் மருத்துவர் சொன்னார்,
வேலை செய்கிறது, அவ்வளவுதான்.

தூக்கம் வராமல் நானும் ஒரு கணக்கெடுத்தேன்.
அவன் நெற்றியைத் தாங்கியதில்
பிரியத்தோடு தாங்கியது எத்தனை தடவை?
மூன்று என்று வந்தது.
இல்லை, இரண்டு. ஒரு தடவை
சுவரில் மோதட்டும் என்று கையை எடுக்கப் பார்த்தேன்.
எடுக்கவில்லை. ஆனாலும் அதைச் சேர்க்க முடியாது.
ராத்திரி முழுக்க என் நெற்றிக்கு வந்துபோன
தூலியாவின் கைக்கு
நான் எத்தனையாவது நெற்றியோ.

காலையில் புளூபெர்ரி சூப், ஒரே ஒரு கரண்டி.
கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
பத்து நிமிடம். பதினைந்து.
தங்கிவிட்டது.

கல் புட்டியைக் குப்பையில் போடச் சொன்னேன்.
பிரிக்காத பஞ்சு உறை இரண்டை
தூலியா திரும்பியபோது கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.
ஒலூவில் மகள் வீட்டுக்கு ஒன்றரை மணி நேரம்.
எனக்குப் பேருந்தும் சேராது.